ஞாயிற்றுக்கிழமைப் பல்

பல்கலைக்கழகத்திடம் மூளை இருந்தது, ஃபிரிட்ஜ் இல்லை. கம்பெனியிடம் ஃபிரிட்ஜ் இருந்தது, மூளையை வாடகைக்கு எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கை கோத்தால் இனி உலகத்தில் ஒருத்தருக்கும் பொக்கைவாய் இருக்காது என்று செய்தித்தாளில் எழுதிவிட்டார்கள். எழுதுவதற்கென்ன, கை கோப்பதற்கே பதினான்கு மாதம் ஆயிற்று. அதில் ஐந்து மாதம், பெயர்ப்பலகையில் யார் முத்திரை முதலில் வருவது என்ற தகராறில் போனது. கடைசியில் இரண்டு பலகை செய்து, ஒன்றை வாசலுக்கு வெளியேயும் ஒன்றை உள்ளேயும் மாட்டினார்கள்.

இந்தக் கூத்து எதிலும் சேராமல் மூன்றாம் மாடியில் ஒருத்தி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிய பல்லிலிருந்து செல் எடுத்து வளர்ப்பது அவள் வேலை. செல்லுக்கு அம்மா என்பதால் செல்லம்மா என்று யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவள் செல்லம்மாதான்.

பல்லை உடைத்துப் பார்த்தால் நடுவே ஒரு சின்ன அறை இருக்கும். அதில் நரம்பும் ரத்தமுமாகக் கொஞ்சம் கூழ். சொத்தை அதுவரைக்கும் போய்விட்டால் பல் டாக்டர் கூழை வழித்துப் போட்டுவிட்டு, ரப்பர் மாதிரி ஒன்றை அடைத்து, மேலே ஒரு தொப்பி போட்டு அனுப்பிவிடுவார். பல் இருக்கும், உயிர் இருக்காது. அந்தக் கூழைப் புதிதாக வளர்த்து உள்ளே வைத்து, செத்த பல்லை எழுப்பி உட்கார வைப்பதுதான் ஆராய்ச்சி. சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. செய்யும்போது அது வெறும் சாப்பாடு போடுகிற வேலை. முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள் குடுவைகள் இருக்கும், குடுவைக்குள் செல்கள் இருக்கும், அவற்றுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு திரவம் ஊற்ற வேண்டும். இரண்டு நாளில் அதைத் தின்று தீர்த்து மஞ்சளாக்கிவிடும். பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதைச் சாப்பாடு என்றுதான் சொல்வார்கள்.

பதினொரு பேருடைய பல்லில் ஆரம்பித்தார்கள். பத்துப் பேருடைய செல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. ஒரு வாரம் வளரும், அப்புறம் படுத்துவிடும். மிச்சமிருந்த ஒன்றுதான் ஞா-3. அது வளர்ந்தது, பெருகியது, காலிப் பல்லுக்குள் வைத்தால் சமர்த்தாகக் கூழாக மாறிச் சுவரோரம் பல்லின் கெட்டிப் பொருளையும் புதிதாகப் பூசியது. பேராசிரியர் ஊர் ஊராகப் போய் அதன் படத்தைக் காட்டிப் பேசினார். கம்பெனி வந்து கதவைத் தட்டியதும் அதற்காகத்தான்.

ஞா என்றால் ஞானப்பல். கடைவாயில் கடைசியாக முளைத்து, வந்த நாளிலிருந்து உபத்திரவம் செய்கிற பல். மூன்றாவதாக வந்ததால் மூன்று. ஆனால் மாணவர்கள் அதை ஞாயிறு என்றே நினைத்திருந்தார்கள், ஏனென்றால் செல்லம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அதற்குத்தான் சாப்பாடு போடுவாள். மற்ற பத்துப் பேருடைய குடுவைகள் வெள்ளிக்கிழமை சாப்பிட்டால் அடுத்தது திங்கள்தான். கம்பெனிக்குப் போன கோப்பிலும் யாரோ ஒரு புத்திசாலி "ஞாயிறு செல்வரிசை" என்றே அடித்து அனுப்பிவிட்டான். கம்பெனிக்காரர்களுக்குப் பெயர் மிகவும் பிடித்துப்போனது. சூரியன் படம் போட்டு முத்திரைகூடத் தயார் செய்துவிட்டார்கள்.

பெயரில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று செல்லம்மா வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் பல் யாருடையது என்பதிலும் அப்படித்தான். நம்பரைத் தவிர வேறெதுவும் ஆய்வுக்கூடத்துக்குத் தெரியக் கூடாது என்பது சட்டம். ஆனால் கீழ்த்தளத்துப் பல் ஆஸ்பத்திரியில் அந்தப் பல்லைப் பிடுங்கியபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவன் சட்டையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டவள் அவள்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால். அப்போது அவன் அவள் கணவன். போன வருஷம் கோர்ட்டில் அதையும் பிடுங்கிப் போட்டாயிற்று.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை விழா, மேடை, கையெழுத்து, கைகுலுக்கல். அன்றைக்கே ஞா-3 முழுவதும் கம்பெனியின் புதுக் கட்டடத்துக்குப் போய்விடும், இங்கே ஒரு குடுவைகூட மிஞ்சக் கூடாது, அங்கே ஒரு இயந்திரக் கை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து தர ஆய்வாளர் வந்தார். சிவப்புப் பேனாவோடு பிறந்தவர் போல இருந்தார் அந்தப் பெண். கூடவே கம்பெனியின் தொடர்பு அதிகாரியும் வந்தார். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார் என்பதால் எல்லோரும் அவரை டை என்றே சொல்வார்கள். சிவப்புப் பேனா ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தைப் புரட்டி, ஒரே ஒரு தாளை உருவி மேஜைமேல் வைத்தது. பல் கொடுத்தவரின் சம்மதப் படிவம். அதில் "கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும்" என்று இருந்தது. வியாபாரத்துக்கு என்று இல்லை.

பழைய படிவத்தையே ஜெராக்ஸ் எடுத்து எடுத்து ஓட்டியிருந்தார்கள். பல்கலைக்கழகம் என்றால் அப்படித்தான், காலத்துக்கும் ஒரே தாள். பேராசிரியர் அது சின்ன விஷயம் என்றார். சிவப்புப் பேனா அது சின்ன விஷயம் இல்லை என்றது. வியாழக்கிழமைக்குள் அதே ஆளிடம் புதுக் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஞா-3 அத்தனையையும் ப்ளீச்சில் கொட்டி அழித்துவிட வேண்டும். அழித்ததற்கு இரண்டு சாட்சி கையெழுத்தும் வேண்டும்.

செல்லம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். நான்கு வருஷம். அவள் வேலையும் அந்தக் குடுவையை நம்பித்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. செல் போனால் திட்டம் போகும், திட்டம் போனால் அவளும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வந்த நோயாளியை இப்போது எங்கே போய்த் தேடுவது என்று பேராசிரியர் கையை விரித்தார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் செல்லம்மா.

சிவப்புப் பேனா நிமிர்ந்தது. எவ்வளவு தெரியும் என்று கேட்டது.

"அஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்."

டை இருமினார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சிவப்புப் பேனா ஒரு தாள் முழுக்க ஏதோ எழுதியது. கடைசியில், இப்போது உறவு ஏதும் உண்டா என்று மட்டும் கேட்டது. இல்லை என்றதும், அப்படியானால் பரவாயில்லை, ஆஸ்பத்திரி மூலமாக முறைப்படி தகவல் போகட்டும், நீங்கள் வற்புறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனது. விவாகரத்தால் ஆராய்ச்சிக்கு ஒரு நன்மை என்று கண்டது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் போன் செய்தார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி நேரம் ஏதாவது கட்டடத்தின் குழிக்குள் இருப்பான், போன் எடுக்காது. இப்போது அக்கா வீட்டில்தான் இருந்தான் என்பதால் வீட்டுப் போனை அக்காதான் எடுத்தாள். அரைமணி நேரத்தில் தம்பியைப் பிடித்துப் பேசிவிட்டு, அவளே செல்லம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். முன்னாள் நாத்தனார் என்று ஒரு உறவு உண்டா என்று தெரியவில்லை, ஆனால் குரல் பழைய நாத்தனார் குரல்தான்.

"பல்லைப் பிடுங்கினது பத்தாதுன்னு இப்போ கையெழுத்து வேறயா?" என்றாள்.

செல்லம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். அவன் மனசு உடைந்து இளைத்துப் போய்விட்டான் என்றாள் நாத்தனார். அப்படியே அவன் நன்றாகத்தான் இருக்கிறான், யாரும் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். கடைசியில், தம்பி ஒன்றும் சம்மதிக்கவில்லை, என்ன வைத்திருக்கிறாள் என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வானாம் என்று போனை வைத்தாள்.

அவர்கள் பிரிந்ததற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் ஞாயிற்றுக்கிழமை. வாரம் ஆறு நாளும் அவன் வேலை, ஞாயிறு ஒன்றுதான் வீட்டில் இருப்பான். அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்பாள், மத்தியானம் தாண்டித்தான் வருவாள். ஒருநாள் அவன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். பாட்டிலில் இருக்கிறதுக்கெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பாடு, ஒரு நாளாவது என்னைப் பார்த்து, சாப்பிட்டியா என்று கேட்டிருக்கியா என்றான். உனக்குக் கை இல்லையா என்றாள் இவள். அந்தக் கேள்வியோடுதான் எல்லாம் இறங்குமுகம் ஆனது. அவள் சொன்னது தப்பில்லை, அவனுக்குக் கை இருக்கத்தான் இருந்தது. ஆனாலும் சொன்ன நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்துக்கொண்டதை அவன் பார்க்கவில்லை.

புதன்கிழமை வந்தான். அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஏழு மாதமாகப் படுத்துக்கிடந்தது. அதன் கதவில் "விரைவில் சரிசெய்யப்படும்" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், அதுவே பழுத்துச் சுருண்டிருந்தது. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றவன், முதலில் லிஃப்டைத்தான் திட்டினான். கதவு பூட்டில் ஒரு ஸ்விட்ச் செத்திருக்கும், பத்து நிமிஷ வேலை, இதற்கு ஏழு மாதமா, இங்கே படித்தவன் ஒருத்தனும் இல்லையா என்றான். பேராசிரியர் சிரித்துக்கொண்டே வரவேற்று, உங்கள் பல் உலக மகா அதிசயம் என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் பேசினார். பிறகு சிவப்புப் பேனாவின் விதிப்படி, வற்புறுத்தக் கூடாது என்பதற்காக, அவளையும் வெளியே கூப்பிட்டார். அவன், அவள் இருக்கட்டும், நீங்கள் போங்கள் என்றான்.

வெள்ளை அங்கி, தலைக்கு வலை, காலுக்கு உறை எல்லாம் மாட்டிவிட்டு உள்ளே அழைத்துப் போனாள். கையைக் கழுவச் சொன்னாள். கழுவினான். நகத்துக்குள் கிரீஸ் அப்படியே இருந்தது, கையுறையைக் கொடுத்தாள். பெட்டியைத் திறந்து ஒரு குடுவையை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துக் கொடுத்தாள். குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருக்கிற சின்ன மீன்கூட்டம் மாதிரி இருக்கும் அது.

"இதெல்லாம் நானா?" என்றான்.

உன் பல்லுக்குள் இருந்து வந்தது என்றாள். பல்லைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன் என்றான். படிவத்தில் கையெழுத்துப் போட்டாயே என்றாள். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு எவன் படிப்பான் என்றான். அதுவும் நியாயம்தான்.

குடுவையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். திரவம் ஏன் ஒரு மாதிரி மஞ்சளடித்திருக்கிறது என்று கேட்டான். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, பசித்தால் நிறம் மாறும் என்று சொன்னாள்.

"எனக்கு அந்த வசதி இல்லாமப் போச்சு" என்றான் அவன்.

செல்லம்மா பழைய திரவத்தை உறிஞ்சினாள். புதியதை ஊற்றினாள். நான்கு வருஷத்தில் ஒரு சொட்டு சிந்தாதவள் அன்றைக்கு மேஜையில் சிந்திவிட்டு, திட்டிக்கொண்டே துடைத்தாள். அவன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக் குடுவைமேல் இருந்த எழுத்தை வாய்விட்டுப் படித்தான்.

"ஞா. ஞாயித்துக்கிழமையா?"

"ஞானப்பல்லு" என்றாள்.

பிறகு அவன், அந்தப் பெரியவர் இருபது நிமிஷமாகச் சொல்கிறாரே, மத்தவங்க பல்லெல்லாம் படுத்துவிட்டது, உங்களுடையது மட்டும் தெய்வாம்சம் என்று, என்னுடையதில் அப்படி என்ன இருக்கிறது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டான். அவனுக்கு வாழ்க்கையில் யாரும் தெய்வாம்சம் என்று சொன்னதில்லை. செல்லம்மா வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொல்ல வாயைத் திறந்தாள். வயது, ரத்த ஓட்டம், செல்லின் பிரியும் திறன் என்று நாலு வரி உண்டு, மனப்பாடம். அது வரவில்லை. வேறொன்று வந்தது, அவளே அதுவரை யோசிக்காத ஒன்று.

"மத்ததுக்கு ஞாயித்துக்கிழமை யாரும் வரல" என்றாள். "இதுக்கு மட்டும் நான் வந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. ஞா-3 பற்றி வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில் எல்லாக் குடுவைக்கும் இரண்டு நாளுக்கு ஒருமுறை திரவம் மாற்றப்பட்டது என்று அச்சில் இருந்தது. மற்ற பத்தும் வாரத்துக்கு ஒருமுறை மூன்றாம் நாள் பட்டினி கிடந்தன என்று யாரும் எழுதவில்லை. பார்க்கவும் இல்லை. இவ்வளவு பெரிய மூளைகளுக்கு நடுவில் அது ஒருத்தர் கண்ணிலும் படாமல் போனதே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவனுக்குக் கட்டுரை தெரியாது. அவன் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, பை, வாசல்.

"அப்போ நீ கிளம்பிக் கிளம்பி வந்ததெல்லாம் இதுக்கா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நம்பரைத் தவிர எதையும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சட்டம்" என்றாள். கேட்பதற்கே கேவலமாக இருந்தது. ஆனால் அதுதான் உண்மை. கட்டின புருஷனிடம்கூட சட்டத்தை மீறாதவள். அதற்காக யாராவது பதக்கம் கொடுத்தால் அதைத் தூக்கி அவர்கள் முகத்திலேயே எறிய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

அவன் கையுறையைக் கழற்றிப் படிவத்தை வாங்கினான். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். செல்களைக் கம்பெனிக்கு மாற்றுவது என்ற இடத்தில் நின்றான். அங்கே யார் சாப்பாடு போடுவார்கள் என்று கேட்டான். இயந்திரக் கை என்றாள். ஞாயிற்றுக்கிழமையுமா என்றான். அங்கே திங்கள் முதல் வெள்ளிதான் வேலைநாள், கையை ஓட்டுகிற ஆளுக்கு விடுமுறை என்றாள். அவன் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தான். "சிறப்பு நிபந்தனை ஏதும் இருப்பின்" என்று கீழே ஒரு கட்டம் இருந்தது. யாரும் நிரப்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்ட கட்டம். அதில் கொட்டை எழுத்தில் ஒரு வரி எழுதி, கையெழுத்தும் போட்டு, அவளிடம் தராமல் நேரே வெளியே போய்ப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினான்.

அன்று சாயங்காலம் டை போன் செய்தார். கம்பெனியின் சட்டப் பிரிவு மூன்று மணி நேரமாகக் கூட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறதாம். நிபந்தனையில் "ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாடு போட வேண்டும்" என்று எழுதியிருக்கிறது, யாருக்கு என்று எழுதவில்லை. பல் கொடுத்தவருக்கு வாராவாரம் விருந்து வைக்க வேண்டுமா, எத்தனை வருஷத்துக்கு, குடும்பத்தோடா தனியாகவா என்று இரண்டு வக்கீல்கள் அடித்துக்கொள்கிறார்கள். எதுவானாலும் கம்பெனி ஒத்துக்கொள்ளும், தெளிவாக மட்டும் சொல்லுங்கள் மேடம் என்றார்.

"செல்லுக்கு" என்றாள் செல்லம்மா.

போனை வைத்த பிறகு அந்த வரியைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். யாருக்கு என்று அவன் எழுதவில்லைதான். அவசரத்தில் விட்டுவிட்டானா, வேண்டுமென்றே விட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றிரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பட்டினி விஷயத்தைப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். கட்டுரையைத் திருத்த வேண்டும் என்றாள். அவர் வெளுத்துப் போனார், கூரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகு முகம் மெல்லத் தெளிந்தது. திருத்தத்தான் வேண்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமையின் விளைவு என்று தனியாகவே ஒரு திட்டம் எழுதலாமே, கம்பெனியிடம் இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போடலாமே என்றார். உறைய வைத்திருக்கிற மிச்சத்திலிருந்து பத்துக் குடுவையையும் மறுபடி எழுப்பு, உன் வேலைக்கு இனி ஆபத்தில்லை என்றார். மனுஷனைக் குழியில் தள்ளினாலும் அங்கேயே ஒரு கிணறு வெட்டித் தண்ணீர் விற்பார்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. மேடையில் துணைவேந்தரும் கம்பெனித் தலைவரும் கைகுலுக்கி, படம் சரியாக விழவில்லை என்று புகைப்படக்காரர் சொன்னதும் இன்னொரு தடவை குலுக்கினார்கள். பின்னால் சூரியன் படம் போட்ட பெரிய திரை தொங்கியது. ஞா-3 மெத்தை வைத்த பெட்டியில், வெப்பமானி பொருத்தி, மகாராணி மாதிரி வண்டியேறிப் போனது. செல்லம்மா கூடவே வாசல்வரை போனாள். ஞாயிற்றுக்கிழமை மறக்காதீர்கள் என்று டிரைவரிடம் சொன்னாள். அவன் ஒன்றும் புரியாமல் தலையாட்டினான்.

ஞாயிறு வந்தது. காலை ஒன்பது மணிக்குக் கால் தானாகக் கிளம்பிவிட்டது. பாதி வழி வந்த பிறகுதான் பெட்டி காலி என்று ஞாபகம் வந்தது. பத்துக் குடுவையை எழுப்புவதெல்லாம் அடுத்த வாரத்து வேலை. திரும்பிப் போயிருக்கலாம். போய் என்ன செய்வது என்று தெரியாமல் வந்துகொண்டே இருந்தாள்.

கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. ஆனால் கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கருவிப் பெட்டியை நடுவில் முட்டுக் கொடுத்திருந்தது. "விரைவில் சரிசெய்யப்படும்" தாளைக் கிழித்து, கசக்கி, ஓரமாகப் போட்டிருந்தது. குழிக்குள் டார்ச் வெளிச்சம் அசைந்தது. காவலாளி வந்து, யாரோ மெக்கானிக்காம், காசு வேண்டாம், பார்க்கவே கண்ணை உறுத்துகிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான், எட்டு மணியிலிருந்து உள்ளேயே இருக்கிறான் என்று புலம்பிவிட்டுப் போனான்.

செல்லம்மா கதவோரம் போய் நின்றாள். பையைக் கீழே வைத்தாள். என்ன கேட்பது என்று யோசித்தாள். ஏன் வந்தாய் என்று கேட்கலாம், கையெழுத்துக்கு நன்றி சொல்லலாம், அக்கா எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கலாம். பிறகு குழிக்குள் குனிந்தாள்.

"சாப்பிட்டியா?"

கீழே ஸ்பேனர் ஒன்று நழுவி விழுந்து இரண்டு தடவை துள்ளியது. டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது. இன்னும் இல்லை என்றான்.